அத்தான் கொண்டுவந்த தத்துவெட்டி

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் முதலில் சொக்லேற் வாசம் வரும், பிறகு சவர்க்கார வாசம் வரும். அத்தானின் பெட்டியில் இந்த முறை மூன்றாவதாக ஒரு வாசமும் வந்தது. புது ரப்பர். உடுப்புகளுக்கு நடுவில், இரண்டு துவாய்களால் சுற்றி, தமியா கிறாஸ்ஹொப்பர் என்று எழுதிய ஒரு மட்டைப் பெட்டி. விலைச்சீட்டை அவர் ஏற்கெனவே கிழித்து எடுத்திருந்தார். கிழித்த இடத்தில் வெள்ளையாக ஒரு வடு. "பொடியனுக்கு" என்று மட்டும் சொன்னார்.

பொடியன் என்றால் என் தங்கச்சியின் மகன், பன்னிரண்டு வயது. பெட்டிக்கு மேலே ஒரு வெள்ளைக் கார் புழுதி கிளப்பிப் பாய்கிற படம். உள்ளே கார் இல்லை. பொலித்தீன் பைகளில் பிளாஸ்ரிக் துண்டுகள், ஸ்குறூக்கள், நாலு ரயர், சின்னதாக ஒரு மோட்டர், ஒரு புத்தகம். அவன் முகம் சுருங்கிப்போய்விட்டது.

"மாமா, இது உடைஞ்சு போய் வந்திருக்குது."

உடையவில்லை, நாங்கள்தான் பூட்ட வேண்டும் என்று விளங்கப்படுத்தியதும் இன்னும் சுருங்கியது. கிறாஸ்ஹொப்பர் என்றால் என்ன என்று அம்மா கேட்டார். தத்துவெட்டி என்றேன். அன்று முதல் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்து றேடியோ, ரீவி திருத்துகிறவன். றேடியோ இப்போது பேருக்குத்தான். வருவதெல்லாம் ரீவி போட்டும், கோயில் ஒலிபெருக்கியும், ஓட்டோவில் பூட்டுகிற ஸ்பீக்கரும். அதனால் ஒரு சாமான் கையில் வந்தால் எவ்வளவு வேகம், எவ்வளவு வடிவு என்று பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. இதைத் திறக்கலாமா, திறந்தால் திரும்பப் பூட்டலாமா என்றுதான் கண் போகும். இந்த மதிப்புரையையும் அந்தக் கண்ணால் எழுதியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடத் திருவிழாவில் ஒரு தற்காலிகக் கடையில் மருமகனுக்கு ஒரு றிமோட் கார் வாங்கிக் கொடுத்திருந்தேன். பேர் தெரியாத சாமான். கதவு திறக்கும், லைற் எரியும், பாட்டும் பாடும். நாலாம் நாள் பாட்டு மட்டும் மிஞ்சியது. கழற்றிப் பார்த்தால் மோட்டரின் நுனியில் இருந்த பிளாஸ்ரிக் பல்லுச்சில்லு வெடித்து வழுக்குகிறது. சுண்டுவிரல் நகமளவு சாமான். அதை மாற்றினால் கார் ஓடும். ஆனால் அது தனியாக எங்கேயும் கிடையாது. போட்டில் இருந்த சிப்பின் மேல் கறுப்புப் பசையை ஒரு பொட்டுப் போல ஊற்றி மூடியிருந்தார்கள். அதைத் திருத்துகிற எண்ணமே செய்தவருக்கு இருக்கவில்லை. கார் இப்போதும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது, தட்டினால் பாடும்.

தத்துவெட்டியைப் பூட்ட எங்களுக்கு மூன்று இரவு பிடித்தது. பழகிய கை என்றால் ஒரே நாளில் முடியும். நாங்கள் சாப்பாட்டு மேசையில், தங்கச்சி பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் தொடங்கினோம். புத்தகத்தில் படம்தான் எல்லாம், எழுத்து கொஞ்சம். எந்த ஸ்குறூ எந்த ஓட்டைக்குள் என்று உள்ளபடி அளவிலேயே கீறியிருக்கிறது. ஸ்குறூவைப் படத்தின் மேல் வைத்து நீளம் பார்க்கலாம். இது மருமகனுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. இரண்டாம் இரவு அவன்தான் சாமான் எடுத்துத் தந்தான், நான் முறுக்கினேன். மூன்றாம் இரவு அவன் முறுக்கினான், நான் பார்த்தேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் விட்டால் யாராவது என்னைத் திட்டுவார்கள். இது யப்பான் ஸ்குறூ. தலையில் இருக்கிற சிலுவை எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கிற ஸ்குறூ ட்றைவரின் சிலுவையைப் போலத்தான் தெரியும், ஆனால் பள்ளத்தின் வெட்டு கொஞ்சம் வேறு. வழமையான ட்றைவரைப் போட்டு முறுக்கினால் அது மேலே ஏறி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். பழைய யப்பான் கசற் றெக்கோடர்களைத் திருத்தியவர்களுக்கு இது தெரியும். என்னிடம் அந்தக் காலத்து ட்றைவர் ஒன்று இருந்தது. கைபிடி உடைந்து ரேப் சுற்றியது. வருடக்கணக்கில் லாச்சிக்குள் கிடந்ததற்கு வேலை வந்தது.

இன்னொன்று, ஈ-கிளிப். ஈ என்ற ஆங்கில எழுத்தின் வடிவில், குன்றிமணியை விடச் சின்ன ஒரு வளையம். அச்சின் நுனியில் இருக்கிற தவாளிப்புக்குள் அதைத் தள்ளி விழுத்த வேண்டும். சரியாகத் தள்ளினால் 'டிக்' என்று ஒரு சத்தம். பிழையாகத் தள்ளினால் சத்தமே இல்லை, கிளிப்பும் இல்லை. முதலாவது கிளிப் எங்கே பறந்தது என்று மூன்று பேர் தவழ்ந்து தேடினோம். அடுத்த நாள் தங்கச்சி கூட்டும்போது குசினி வாசலில் கிடந்தது. அதன் பிறகு ஒரு பொலித்தீன் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு கிளிப் பூட்டினோம். பறந்தாலும் பைக்குள்தான் பறக்கும்.

பிழை விட்டதும் நான்தான். பல்லுச்சில்லுப் பெட்டியை மூடும்போது, இரும்பில் பழகிய கை, ஒரு சுற்று மேலதிகமாக முறுக்கிவிட்டேன். பிளாஸ்ரிக்கில் ஸ்குறூ தானே புரி வெட்டிக்கொண்டு போகிறது, அளவு தாண்டினால் புரி அழிந்துவிடும். ஒன்று அழிந்தது. கொஞ்சம் பசை விட்டு, காயவைத்து, திரும்ப மெதுவாக ஏற்றினேன். பிடித்துக்கொண்டது. "மாமாவும் உடைப்பார்" என்று அவன் தாயிடம் போய்ச் சொன்னான்.

அந்தப் பெட்டியைப் பூட்டும்போதுதான் எனக்கு இந்தக் காரின் மேல் ஒரு மரியாதை வந்தது. எல்லாச் சில்லும் கண்ணுக்குத் தெரிகிறது. மோட்டர் இதைச் சுற்றும், இது அதைச் சுற்றும், நடுவில் டிபறன்ஷியல். வளைவில் உள்பக்கச் சில்லும் வெளிப்பக்கச் சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை அவனுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கையில் பிடித்து ஒரு சில்லை முன்னுக்குச் சுற்றினால் மற்றது பின்னுக்குச் சுற்றுகிறது. பத்து நிமிடம் அதையே சுற்றிக்கொண்டிருந்தான். மினிபஸ்ஸிலும் இது இருக்கா என்று கேட்டான். இருக்கு என்றேன்.

தமியா யப்பானில் ஷிசுவோகா என்ற ஊரில் இருக்கிறது. 1946இல் யோஷியோ தமியா தொடங்கியபோது அது மர வியாபாரம். பிறகு மரத்தில் கப்பல் மாதிரிகள் செய்து, அங்கிருந்து பிளாஸ்ரிக்குக்கு வந்தார்கள். அவருடைய மகன் ஷுன்சாகு தமியாவின் காலத்தில் ஒரு வேலை நடந்தது. போர்ஷே காரைச் சரியாக மாதிரி செய்ய வேண்டும் என்பதற்காக உண்மையான போர்ஷே 911 ஒன்றை வாங்கி, அதைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பார்த்தார்கள். அந்த உழைப்பில் இருந்து வந்ததுதான் 1976இல் வெளியான போர்ஷே 934, தமியாவின் முதல் றேடியோக் கார், 1:12 அளவு. காசு கொடுத்து வாங்கிய போர்ஷேயைக் கழற்றுகிற மனிதரை எனக்குப் பிடிக்காமல் போகுமா? எங்கள் வீட்டில் என்னைக் கண்டால் புது மிக்சியை ஒளித்து வைப்பார்கள்.

ஆனால் றேடியோக் கார் தமியாவோடு தொடங்கவில்லை. கடைக்கு வந்த முதல் றேடியோக் கார் என்று பெரும்பாலும் சொல்லப்படுவது, 1966இல் இத்தாலியின் எல்ஜி நிறுவனம் செய்த ஃபெராரி 250 எல்எம். அதற்கும் முன்னால் போனால் காரை விட்டுப் படகில் ஏற வேண்டும். 1898இல் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவயர் கார்டனில் ஒரு தொட்டித் தண்ணீரில் நிக்கோலா தெஸ்லா ஒரு சின்னப் படகைக் கம்பி இல்லாமல் ஓட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் உள்ளே பழக்கிய குரங்கு இருக்கிறதென்று கதைத்தார்களாம். அதே வருடம் நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. அந்தப் படகுக்கும் இத்தாலிக் காருக்கும் நடுவில் கிட்டத்தட்ட எழுபது வருடம் ஏன் போனது என்று கேட்டால், என்னுடைய தொழிலில் அதற்கு ஒரு சொல்லில் விடை இருக்கிறது: திரான்சிஸ்ரர். வால்வு றேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அளவுக்குச் சின்னக் காருக்குத் தெம்பு இல்லை. வால்வைச் சூடாக்கவே தனியாக ஒரு பற்றரி வேண்டும். திரான்சிஸ்ரர் மலிந்த பிறகுதான், றிமோட்டின் அலையைப் பிடிக்கிற றிசீவர் தீப்பெட்டி அளவுக்கு வரத் தொடங்கியது.

எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மெதனோல் கலந்த எரிபொருளில் ஓடுகிற என்ஜின் கார்கள் வந்தன. பெரியவர்களின் விளையாட்டு, காசுள்ளவர்களின் சத்தம். 1979இல் தமியா றஃப் றைடர், சான்ட் ஸ்கோச்சர் என்று இரண்டு மணல் வண்டிகளை இறக்கியது. அதுவரை றேடியோக் கார் என்றால் மட்டமான தார் நிலம் வேண்டும். இவை புழுதியிலும் மணலிலும் ஓடின. உலோகச் சாமான்கள் நிறைய, விலையும் அப்படி. பிறகு 1984இல், பொடியன்கள் வாங்கக்கூடிய விலைக்கு, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பிளாஸ்ரிக்கில் செய்து விட்டதுதான் இந்தக் கிறாஸ்ஹொப்பர். அதே வருடம் அமெரிக்காவில் அசோசியேற்றட் நிறுவனம் ஆர்சி10 என்ற காரை விட்டது. அலுமினியச் சட்டம், குலுக்கத்தை அடக்க எண்ணெய் நிரப்பிய டாம்பர், பந்தயத்துக்கென்றே செய்தது. அடுத்த வருடம் கலிபோர்னியாவின் டெல் மாரில் மண்தரைக் கார்களுக்கு நடந்த முதல் உலகப் பந்தயத்தில், இரண்டு சில்லுக்கு மட்டும் விசை போகிற கார்களின் பிரிவில் வென்றதும் அதுதான். ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒருவன் ஓட்டவீரன், ஒருவன் ஒழுங்கையில் தாச்சி விளையாடுகிறவன். 2005இல் தமியா அந்த ஒழுங்கைப் பிள்ளையைத் திரும்ப விற்பனைக்கு விட்டது. எங்களிடம் வந்திருப்பது அந்த மறுபதிப்பு.

இந்த இடத்தில் என்னுடைய முதல் றிமோட் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தத்துவெட்டியில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று விளங்காது.

1989இல் ஜெர்மனியில் இருந்து மாமா ஒருவர் அனுப்பியது. சிவப்புக் கார். சுவிச்சைப் போட்டால் நேரே முன்னுக்கு ஓடும். றிமோட்டில் ஒரே ஒரு பொத்தான். அதை அமத்தினால் கார் பின்னுக்கு வந்தபடி ஒரு பக்கம் திரும்பும். விட்டால் திரும்பவும் நேரே. அவ்வளவுதான். இடப்பக்கம் போக வேண்டுமானால் பின்னுக்கு இழுத்து இழுத்துத்தான் போகலாம். விறாந்தையின் இந்தத் தலைப்பில் இருந்து அந்தத் தலைப்பு வரைக்கும் தூணில் முட்டாமல் கொண்டுபோகிறவன் கெட்டிக்காரன். காருக்கு நாலு பென்ரோர்ச் பற்றரி, றிமோட்டுக்கு ஒரு சதுரப் பற்றரி, 9 வோல்ற்.

1990 நடுப்பகுதியில் யுத்தம் திரும்பத் தொடங்கி மின்சாரம் போனது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரத் தடையான சாமான்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. ஒளித்துக் கொண்டுவந்தது கிடைத்தாலும் அது செய்தி கேட்கிற றேடியோவுக்குத்தான், பொடியனின் காருக்கு யார் தருவார்கள்? முதலில் பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்து ஓட்டினோம். கூரையில் வடகத்தோடு பற்றரியும் காய்ந்தது. பிறகு அதுவும் செத்துவிட்டது. அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். அண்ணைக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் அந்த யோசனை வந்தது. டைனமோ 6 வோல்ற். நாலு பென்ரோர்ச்சும் 6 வோல்ற்.

டைனமோவில் இருந்து வருவது ஆடலோட்டம், மோட்டருக்கு நேரோட்டம் வேண்டும். பக்கத்து ஒழுங்கையில் றேடியோ திருத்துகிற ஒருவர் நாலு டையோட்டை ஒட்டித் தந்தார். இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டு அடி நீளத்துக்கு வயர். அண்ணை சுற்றினார், கார் ஓடியது. றிமோட்டுக்குப் பற்றரி இல்லை என்றபடியால் பொத்தானுக்கு வேலை இல்லை, நேரே மட்டும்தான் போகும். வயர் முடிகிற இடத்தில் நாய் கட்டில் நிற்பதுபோல் இழுத்துக்கொண்டு நிற்கும். ஆனால் ஒன்று கண்டுபிடித்தோம். அண்ணை மெதுவாகச் சுற்றினால் கார் மெதுவாகப் போகும், விசையாகச் சுற்றினால் விசையாகப் போகும். பற்றரி போட்ட காலத்தில் இல்லாத வசதி! "மெல்ல, மெல்ல" என்று நான் கத்துவேன், தூண் வரும் இடத்தில் அவர் கையைத் தளர்த்துவார். அந்தக் காரை 1995இல் இடம்பெயர்ந்தபோது வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். திரும்பி வந்தபோது சைக்கிளும் இல்லை.

சரி, தத்துவெட்டிக்கு வருவோம். இப்போது விளங்கியிருக்கும், விசையைக் கூட்டிக் குறைக்கிற அந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஏன் கண் போனது என்று. 1984இல் வந்த காரில் அதை ஒரு சின்ன சேர்வோ, அதாவது சொன்ன இடத்துக்குத் திரும்பி நிற்கிற மோட்டர், செய்தது. அதன் கை ஒரு தட்டின் மேல் உரசி நகரும். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வேகம். குறைந்த வேகத்தில் மிஞ்சிய மின்சாரம் ஒரு தடைக்கம்பியில் சூடாகப் போய் வீணாகும். மெதுவாக ஓட்டினாலும் பற்றரி அநியாயத்துக்குக் குறையும் என்று அர்த்தம். இன்றைய எலெக்ற்றோனிக் வேகக் கட்டுப்பாடு வேறு மாதிரி. மோட்டருக்குப் போகிற மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் வெட்டி வெட்டிக் கொடுக்கும். பாதி நேரம் கொடுத்துப் பாதி நேரம் நிறுத்தினால் பாதி விசை. காதை மோட்டரோடு வைத்தால் புறப்படும்போது நுளம்பு போல ஒரு மெல்லிய கீச்சுச் சத்தம் கேட்கும். அது அந்த வெட்டுத்தான்.

முன்சில்லைத் திருப்புகிற சேர்வோவின் கதையும் எனக்குப் பிடிக்கும். றிசீவர் அதற்கு விநாடிக்கு ஏறக்குறைய ஐம்பது துடிப்பு அனுப்பும். துடிப்பின் நீளம் 1.5 மில்லிவிநாடி என்றால் நடுவில் நில். 1 என்றால் ஒரு கரை, 2 என்றால் மறு கரை. கடையில் மின்துடிப்பைத் திரையில் கீறிக் காட்டுகிற ஒசிலோஸ்கோப் இருக்கிறது, மருமகனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். றிமோட்டின் சில்லை அவன் திருப்பத் திருப்பத் திரையில் அந்தச் சதுரம் கொழுக்கிறது, மெலிகிறது. ஒரு ரீவிக்காரர் தன் சாமானை எடுக்க வந்து முக்கால் மணித்தியாலம் நின்று பார்த்துவிட்டு, ரீவியை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் காலத்து 27 மெகாஹேட்ஸ் செற்றுகளில் ஒவ்வொரு காருக்கும் அலைவரிசையைத் தீர்மானிக்கிற ஒரு படிகம். பழுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று நிறம் வைத்து ஆறு அலைவரிசை. ஒரே நிறம் இரண்டு பேரிடம் இருந்தால் ஒருவர் திருப்ப மற்றவரின் கார் கானுக்குள் விழும். இப்போதைய 2.4 கிகாஹேட்ஸ் செற்றில் றிமோட்டும் றிசீவரும் முதலிலேயே ஒன்றையொன்று அடையாளம் பிடித்துக்கொள்கின்றன. பத்துப் பேர் பக்கத்தில் நின்று ஓட்டலாம். கம்பி ஏரியலும் தேவையில்லை. ஆனாலும் பெட்டியில் வந்த ஏரியல் குழாயை நாங்கள் பூட்டித்தான் இருக்கிறோம். நுனியில் அம்மாவின் பழைய சீலையில் வெட்டிய சிவப்புத் துண்டு. தூரத்தில் புல்லுக்குள் போனால் கண்டுபிடிக்க வசதி என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் வடிவுக்குத்தான்.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பெட்டிக்குள் கார் இருக்கும், ஓட்டுகிற சாமான் முழுக்க இருக்காது. றிமோட், றிசீவர், சேர்வோ, பற்றரி, சாஜர் எல்லாம் புறம்பாக. அத்தான் கடைக்காரரிடம் கேட்டு சாஜரைத் தவிர எல்லாவற்றையும் வாங்கி வந்திருந்தார். சாஜரை இங்கே நகரத்தில் ஒரு கடையில் எடுத்தேன், கடையின் பேர் வேண்டாம். பற்றரி நிக்கல் மெற்றல் ஹைட்றைட், ஆறு செல், 7.2 வோல்ற், 3000 மில்லி அம்பியர் மணி. சாஜர் 500 மில்லி அம்பியர் என்று எழுதியிருந்தது. கணக்குப் பார்த்தால் ஆறு மணித்தியாலம், சூடாகப் போவதையும் சேர்த்தால் ஏழு, ஏழரை. "நிறைஞ்சா தானா நிக்கும்" என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். இரவு போட்டுவிட்டுப் படுத்தேன். விடியப்புறம் தொட்டுப் பார்த்தால் இட்டலிச் சட்டி. திறந்து பார்த்தேன், நிறுத்துகிற சுற்றே அதற்குள் இல்லை, பச்சை லைற் சும்மா எரிகிறது. பற்றரி நல்ல பற்றரி என்றபடியால் தப்பியது. இப்போது ஒரு ரைமரைப் பூட்டி வைத்திருக்கிறேன். உங்களால் முடிந்தால் நிறைந்ததை உணர்ந்து நிற்கிற சாஜராகவே வாங்குங்கள். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஓட்டம் எப்படி? முதலில் விறாந்தை. சீமெந்தில் இது கொஞ்சம் தத்தளிக்கும். முள்ளு முள்ளான பின்ரயர் வழுவழுப்பில் பிடிக்காது. விசையைக் கொடுத்துத் திருப்பினால் பின்பக்கம் வழுக்கி ஒரு வட்டம் அடித்து நிற்கும். மருமகனுக்கு அதுதான் விளையாட்டு. ஒழுங்கையில் இறக்கியதும் பேருக்கு ஏற்ற குணம் வந்தது. பின் அச்சு ஒரே கட்டை, எண்ணெய் டாம்பர் இல்லை, சுருள்வில்லுத்தான் எல்லாம். ஒரு கல்லில் ஏறினால் பின்பக்கம் ஒரு தரம் எழும்பி, விழுந்து, திரும்ப எழும்பி, மூன்றாவது முறைதான் அமரும். பக்கவாட்டில் கல் பட்டால் ஒரு சாண் தள்ளிப்போய் விழும். இதைக் குறையென்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பந்தயம் ஓடுகிறவருக்குக் குறைதான். எங்கள் ஒழுங்கைச் சனம் படலைக்கு வந்து நின்று சிரித்தது, கார் விழுந்து எழும்புகிற அந்த விதத்துக்குத்தான்.

வேகம் அவ்வளவு இல்லை. உள்ளே இருப்பது 380 மோட்டர், சின்னது. நடந்து போகிறவரை முந்தும், சைக்கிளில் உன்னி மிதித்தால் அதோடு சேர்ந்தே வரலாம். இதனுடைய சகோதரமான ஹோர்னெற்றில் 540 மோட்டர் வருகிறது, அது இதைவிடப் பலசாலி. எனக்கு இந்த வேகம் போதும். ஒழுங்கையில் கோழி இருக்கிறது, தவழ்கிற பிள்ளை இருக்கிறது, கிழவிகள் இருக்கிறார்கள். அத்தோடு, மெதுவான மோட்டர் பற்றரியைச் சிக்கனமாகத் தின்னும். யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பக்கத்து முற்றவெளியில் ஒரு பின்னேரம் நேரம் பார்த்தேன், ஒரு சாஜில் 28 நிமிடம். சோளகக் காற்று கிளப்பிய புழுதிக்குள் சிவப்புத் துணி மட்டும் ஓடித் திரிந்தது. கோட்டைக்கு வந்த சுற்றுலாக்காரர் இருவர் கோட்டையை விட்டுவிட்டு இதைப் படம் எடுத்தார்கள். நெருஞ்சி முள் நாலு ரயரிலும் குத்தியிருந்தது. காற்று அடைக்காத ரப்பர் என்றபடியால் கவலை இல்லை. வீட்டுக்கு வந்து இடுக்கியால் பிடுங்கினோம், கணக்குக்கு முப்பத்தொன்று.

உண்மையான சோதனை மணற்காட்டில்தான். பருத்தித்துறை தாண்டிப் போனால், சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில், பாதி மணலுக்குள் புதைந்த பழைய தேவாலயத்துக்குக் கிட்ட, குன்று குன்றாக மணல். ஒரு ஞாயிற்றுக்கிழமை வான் பிடித்துப் போனோம், புளிச்சோறு கட்டிக்கொண்டு. விறாந்தையில் வழுக்கிய அதே முள்ளு ரயர் இங்கே மணலை அள்ளி எறிந்துகொண்டு மேட்டில் ஏறியது. உச்சிக்கு வந்ததும் முன்சில்லு இரண்டும் தூக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் விழுந்து, காணாமல் போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கீழே தலைகீழாக, சில்லுச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. ஓட்டுநர் பொம்மையின் தலைக்கவசத்துக்குத் தங்கச்சியின் நகப்பூச்சு அடித்திருந்தோம், அது ஒரு பக்கம் உரசிப்போனது. வேறு சேதம் இல்லை. அடிச்சட்டம் தொட்டி மாதிரி மூடிய வடிவம் என்பதால் மணல் உள்ளே குறைவாகத்தான் போயிருந்தது. ஆனால் சில்லுச் சுழலும் இடத்தில் குண்டு வைத்த பெயாரிங் இல்லை, வெறும் வளையமான புஸ்தான். அங்கே மணல் அரைக்கிற சத்தம் கேட்டது. கடற்கரைக்குக் கிட்ட ஓட்டினால் அன்று இரவே நாலு சில்லையும் கழற்றி, பெயின்ற் பிறஷ்ஷால் தட்டி, துடைத்து வையுங்கள். உப்புக்காற்று ஸ்குறூத் தலையை ஒரு கிழமையில் பிடித்துவிடும்.

கழற்ற ஐந்து நிமிடம். மருமகன் இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை, ரேப் சுற்றிய ட்றைவரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறான். திருப்பித் தருவதும் இல்லை.

உதிரிப்பாகம்தான் யாழ்ப்பாணத்தில் பெரிய பிரச்சினை. இங்கே கிடையாது. வெளிநாட்டில் தனித்தனியாக வாங்கலாம், ஒரு முன்கை உடைந்தால் அந்தக் கையை மட்டும் வாங்கலாம், ஆனால் யாராவது ஒருவரின் பயணப்பெட்டியில்தான் வர வேண்டும். அதனால் வீட்டில் ஆள் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். இல்லாதவர்கள் முதலிலேயே கொஞ்சம் உதிரியும் சேர்த்து எடுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு வாங்காதீர்கள், கிளிப்பை விழுங்கும். பத்துக்கு மேல், பக்கத்தில் பொறுமையான ஒரு பெரியவர் இருந்தால் சரி. பெரியவருக்குப் பொறுமை இல்லை என்றாலும் மூன்றாம் இரவுக்குள் வந்துவிடும்.

அத்தானுக்கு அடுத்த முறைக்கான துண்டு எழுதி அனுப்பியாயிற்று. நாலு சில்லுக்கும் பெயாரிங், ஈ-கிளிப் ஒரு பை, சாஜர் ஒன்று. கீழே மருமகன் தன் கையெழுத்தில் 540 மோட்டர் என்று சேர்த்திருந்தான். வெட்டினேன். படம் எடுத்து அனுப்புவதற்குள் திரும்ப எழுதிவிட்டான்.

மணற்காட்டில் எடுத்த வீடியோவைப் பிரான்சில் இருக்கிற அண்ணைக்கும் அனுப்பினேன். இரவு வேலை முடிந்து பார்த்திருக்கிறார் போல, விடிய நாலு மணிக்கு ஒரு குரல் பதிவு வந்திருந்தது. கொஞ்ச நேரம் சிரிப்பு மட்டும். பிறகு, "எடேய், வயர் எங்கை?"